கலெக்டர் மீட்டிங் வரைக்கும் ஏன் போகணும்?

'டீம் டோபாலஜீஸ்' (2019) புத்தகத்தை மறுபடி படித்தேன். மேத்யூ ஸ்கெல்டனும் மானுவெல் பய்ஸும் மென்பொருள் நிறுவனங்களை மனதில் வைத்து எழுதியது. ஒரு குழுவின் வேலை இன்னொரு குழுவுக்காகக் காத்துக் கிடந்தால், அந்தக் குழுக்கள் பழகும் விதத்தை மாற்றுங்கள் என்கிறார்கள். கற்றுக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் 'துணைக்குழு' என்ற யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆனா, இதையே கரியாலூர் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்க. கல்வராயன் மலையில் ஒரு குக்கிராமத்துக்குச் சாலை வேணும். பணம் ஊரக வளர்ச்சித் துறையிடம். நிலம் வனத்துறையிடம். கம்பம் நடுவது மின்வாரியம். மூணு பேரும் தினம் கூடி டீ குடித்தாலும் சாலை வராது. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தை வேறு வேலைக்கு மாற்ற மத்திய அரசின் முன் அனுமதி வேணும். பழக்கவழக்கம் சரியில்லை என்பது இல்லை சிக்கல்; முடிவெடுக்கும் அதிகாரம் கீழே இல்லை. புத்தகம் சறுக்குவது இங்கேதான். அதிகாரத்தை நிறுவனமே பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று அது நம்புகிறது.

இந்த முடிச்சை அவிழ்த்தது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு. பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை என 13 வகை வசதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல் இருந்தால், கிராமசபை பரிந்துரைக்கும். மாவட்ட வன அலுவலரே அனுமதி தரலாம். அவர் ஒப்பாவிட்டால்தான் கலெக்டர் தலைமையிலான குழுவுக்குப் போகும். மேலே போவது விதிவிலக்கு, கீழே முடிவது வழக்கம். நல்ல வடிவமைப்பு.

குறை இல்லாமல் இல்லை. 5 மீட்டர் அகலம் எடுத்தால் 2 கிலோமீட்டரிலேயே ஒரு ஹெக்டேர் தீர்ந்துவிடும். மலைப்பாதை அதற்குள் அடங்குமா? அப்புறம், அளந்து, மரம் எண்ணி, தீர்மானம் எழுதி, விண்ணப்பத்தைச் சரியாக நிரப்புவது யார்? சட்டம் அதிகாரம் கொடுத்தது, கைப்பழக்கம் கொடுக்கவில்லை.

ஆக, சட்டத்தில் இல்லாதது புத்தகத்தில் இருக்கு. புத்தகத்தில் இல்லாதது சட்டத்தில் இருக்கு. வெள்ளிமலையில் ஒரு சின்னத் துணைக்குழு உட்கார்ந்து, முதல் சில விண்ணப்பங்களை ஊர்க்காரர்களோடும் பொறியாளரோடும் சேர்ந்து போட்டுக் காட்டிவிட்டு விலகினால் போதும்.

காத்திருப்பது கோப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் காத்திருப்பது, ஆம்புலன்ஸ் வரும் இடம் வரைக்கும் தூக்கிச் செல்லப்படும் நோயாளி.