பிணை நின்றவரும் விலை பேசியவரும்

தமிழ் முஸ்லிம் இல்லங்களில் சீறாப்புராணம் இராகத்தோடு ஓதப்பெற்ற நாட்களில், சிறியவரும் பெரியவரும் ஒருசேர உளமுருகிக் கேட்ட பகுதிகளுள் ஒன்று, 'மானுக்குப் பிணை நின்ற படலம்' ஆகும். வேடன் ஒருவனிடம் அகப்பட்ட பெண்மான், தன் கன்றை ஒருமுறை கண்டு பாலூட்டி வர விடை கேட்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்மானுக்குத் தாமே பிணை நிற்கிறார்கள். கையில் கிடைத்த மான் போனால் மீளுமோ என்று ஐயுற்ற வேடன், அது சொன்ன சொல் தவறாது கன்றோடு மீண்டு வந்து நிற்பதைக் கண்டு மனம் மாறி ஈமான் கொள்கிறான். வேட்டையைப் பற்றிய எந்த நூலைப் படிக்க நேர்ந்தாலும் உமறுப் புலவரின் இப்படலம் நம் நினைவில் வந்து நிற்கிறது. காரணம், வேடனுக்கும் விலங்குக்கும் நடுவே ஒருவர் நிற்கும்போது அவர் யார் பக்கம் நிற்கிறார் என்ற வினாவை அது எழுப்பிவிடுகிறது.

அண்மையில் கென்னத் ஆண்டர்சனின் வேட்டை நூல்களை நாம் மீண்டும் படித்தோம். இவ்வினாவைக் கொண்டு அந்நூல்களை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆண்டர்சன் 1910-ஆம் ஆண்டு பிறந்து 1974-இல் மறைந்தவர். பெங்களூரில் வாழ்ந்து, அங்குள்ள விமானத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். அவருடைய முதல் நூல் 1954-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுக்காலம் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் நடந்து திரிந்த காடுகளுள் பெரும்பகுதி நம் தருமபுரிச் சீமையைச் சேர்ந்தது. பென்னாகரம், ஒகேனக்கல், சின்னாற்றங்கரை, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி என்னும் பெயர்கள் அவர் எழுத்தின் வாயிலாக உலகெங்கும் சென்றன. அந்நாளில் இவையெல்லாம் சேலம் மாவட்டத்தில் இருந்தன. 1965-இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகள் அதனோடு சென்றன. எல்லைக் கோடுகள் மாறினும் காடு ஒன்றே.

இந்நூல்களின் சிறப்பை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை. ஆண்டர்சன் தம் தோல்விகளை ஒளிப்பதில்லை. பரண்மீது விழித்திருந்து வீணான இரவுகளையும், குறி தவறியதால் நேர்ந்த கேட்டையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். விடுப்பு முடிந்தால் ஊர் திரும்ப வேண்டிய உத்தியோகஸ்தரின் வேட்டை அது. ஆட்கொல்லிகள் தாமாகப் பிறப்பதில்லை என்பதையும் அவர் திரும்பத் திரும்ப உணர்த்துகிறார். ஜவளகிரியின் ஆட்கொல்லிப் பெண்புலி, தன் துணை சுடப்பட்டுத் தானும் காயமுற்ற பின்னரே மனிதரை நாடிற்று. பிற்காலத்தில், ஜீப்பில் அமர்ந்து இரவில் விளக்கடித்து விலங்குகளைச் சுடுவோரை அவர் கடுமையாகச் சாடினார். துப்பாக்கியை விட்டுப் புகைப்படக் கருவியை விரும்பினார். இவையெல்லாம் பாராட்டத் தக்கவையே.

ஆயினும் இந்நூல்களில் ஓர் அமைதி குடிகொண்டிருக்கிறது. அது பணத்தைப் பற்றிய அமைதி. தாம் பணத்துக்காக வேட்டையாடியவர் அல்லர் என்னும் பெருமிதம் ஆசிரியர்க்கு உண்டு. அது மெய்யே. ஆனால் பரணுக்கு அடியில் கட்டப்பட்ட எருமைக்கன்று ஓர் ஏழை விவசாயியிடம் விலைக்கு வாங்கப்பட்டது. பரண் கட்டியவனும் தடம் பார்த்தவனும் கூலிக்கு வந்தவர்கள். சின்னாற்றங்கரைப் பூசாரி பைராவும், பென்னாகரத்து ரங்காவும் இல்லையேல் இக்கதைகளுள் பல நடந்தே இரா. காட்டின் பாடங்களைத் தமக்குக் கற்பித்தவர் பைராவே என்று ஆண்டர்சன் மனமுவந்து ஒப்புகிறார். எனினும் கதையின் இறுதியில் பெயரும் புகழும் சுட்டவரைச் சேருகின்றன. முன்னே நடந்து புல்லின் மடிப்பையும் மணலின் சுவட்டையும் படித்தவர் மீண்டும் தம் குடிசைக்குத் திரும்புகிறார். அன்பு மிகுந்த நட்பிலேயே இப்படியானால், அன்பில்லாத வாணிபத்தில் எப்படியிருக்கும்?

அதற்கு விடை காண நடு இந்தியக் காடுகளுக்குச் செல்ல வேண்டும். தருமபுரிக் காட்டில் மறைந்து நின்ற பணம் அங்கே வெளிப்படையாகக் கடை விரித்தது. விடுதலைக்குப் பின், 1950-களிலும் 60-களிலும், வெளிநாட்டுச் செல்வந்தருக்குப் புலி வேட்டையை ஏற்பாடு செய்து தரும் கம்பெனிகள் அங்கே செழித்தன. நாகபுரியிலிருந்து இயங்கிய ஆல்வின் கூப்பர் அவற்றுள் பெயர் பெற்றது. வனத்துறை காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, குறித்த நாட்களுக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்தது. கூடாரம், சமையற்காரர், ஜீப்பு, தடம் பார்ப்போர், இரைக்கு எருமைக்கன்றுகள் எல்லாம் கம்பெனியின் பொறுப்பு. வந்தவர் பரணேறி அமர்ந்து விசையை அழுத்தினால் போதும். தோலையும் தலையையும் பாடம் செய்து தருவதற்கு, மைசூரில் இருந்த வான் இன்ஜென் போன்ற புகழ்பெற்ற நிலையங்கள் காத்திருந்தன.

இங்கே நுட்பமான மாற்றம் ஒன்று நிகழ்ந்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். வேட்டையில் நிச்சயம் என்பது கிடையாது. காற்றுத் திரும்பினால் விலங்கு ஓடிவிடும். மழை பெய்தால் தடம் அழிந்துவிடும். அந்த நிச்சயமின்மையே விலங்குக்கு எஞ்சியிருந்த பாதுகாப்பு. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துக் கடல் கடந்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் கம்பெனியின் பெயர் கெட்டுவிடும். எனவே அந்த நிச்சயமின்மையை அகற்றுவதே வழிகாட்டியின் தொழிலாகிவிட்டது. பத்து இடத்தில் இரை கட்டுவதும், ஆட்களை ஏவிக் கூச்சலிட்டு விலங்கைத் துப்பாக்கி முனைக்கு விரட்டுவதும் அதன் பொருட்டே. வேடனுக்கும் விலங்குக்கும் நடுவே நின்ற மனிதன், விலங்கின் சாவுக்கு வாடிக்கையாளரிடம் பிணை நின்றான்.

பணம் வேட்டையுள் நுழைந்தது அப்போதுதான் என்று கொள்வதற்கில்லை. ஆங்கில ஆட்சி புலிக்கும் சிறுத்தைக்கும் ஓநாய்க்கும் தலைக்கு இவ்வளவு என்று பரிசு கொடுத்துக் கொல்வித்தது. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட புலிகள் கொல்லப்பட்டன என்பது வரலாற்றாய்வாளர் மகேஷ் ரங்கராஜனின் மதிப்பீடு. ஜிம் கார்பெட், 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லியைத் தேடிச் செல்லுமுன் இரண்டு நிபந்தனைகள் விதித்தார்: அறிவித்த பரிசுத் தொகையைத் திரும்பப் பெற வேண்டும், காட்டிலுள்ள மற்ற துப்பாக்கிக்காரர்களை விலக்க வேண்டும். பரிசுக்காகக் கொல்பவர் வரிசையில் தாம் வைத்து எண்ணப்படக் கூடாது என்பது அவர் எண்ணம். அதோடு, பரிசாசையால் கண்டபடி சுடுவோர் நிறைந்த காட்டில் தம் உயிருக்கே ஆபத்து என்பதையும் அவர் அறிந்திருந்தார். பணம் கலந்தால் குறி கலங்கும் என்பதை அறிந்த வேடர் அவர்.

நம் மார்க்கம் வேட்டையை அடியோடு விலக்கவில்லை. இறைவன் திருநாமம் கூறி உணவுக்காக வேட்டையாடுதல் ஆகுமாக்கப்பட்டது. ஹஜ்ஜுக்கு இஹ்ராம் தரித்தவருக்கோ அதுவும் தடுக்கப்பட்டது. உயிருள்ளதைக் குறிபார்க்கும் பொருளாக நிறுத்தி எய்வோரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். கோரைப்பல் கொண்ட வேட்டை விலங்கின் ஊன் உண்ணத் தகாதது என்பதும் நாம் அறிந்ததே. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், புலியைக் கொல்வதற்கு நம்மிடம் ஒரே ஒரு நியாயந்தான் எஞ்சுகிறது. அது மனித உயிரைக் காத்தல். ஆண்டர்சனின் நல்ல கதைகள் அந்த நியாயத்தின்மீது நிற்கின்றன. சுவரில் மாட்டும் தலைக்காகக் கொல்லும் வேட்டையில் பசியும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. பகட்டு மட்டுமே உண்டு.

கடைவிரித்த அந்த வாணிபம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1970-இல் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972-இல் எடுத்த கணக்கில் நாடு முழுவதும் 1,827 புலிகளே இருந்தன. அவ்வாண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் வந்தன. கம்பெனிகள் கடையைக் கட்டின. பணம் மட்டும் காட்டைவிட்டுப் போகவில்லை. வேறு உருவெடுத்துத் தருமபுரிக்கே வந்து சேர்ந்தது.

ஆண்டர்சன் நடந்த அதே காவிரிக் கரைக் காடுகளில்தான் வீரப்பன் தந்தத்துக்காக யானைகளைக் கொன்றான். பின்னர் சந்தன மரங்களை வெட்டினான். நம் நாட்டு யானைகளுள் நீண்ட தந்தம் உடையது ஆண் யானை மட்டுமே. ஆதலால் அதன் விலையே அதற்கு எமனாயிற்று. காட்டின் ஒற்றையடிப் பாதைகளையும் சுனைகளையும் அறிந்த மலைவாசிகளின் அறிவு, முன்பு துரைமார்க்கு நாட்கூலிக்குப் பயன்பட்டது போல, அப்போது கள்ளச் சந்தைக்குச் சொற்பக் காசுக்குப் பயன்பட்டது. 1986-இல் இந்திய யானைத் தந்த வாணிபம் தடைசெய்யப்பட்டது. 2004 அக்டோபர் 18 அன்று, பாப்பாரப்பட்டி அருகே அவன் சுட்டுக் கொல்லப்பட்டான். தருமபுரி வேட்டை வரலாற்றில் ஆண்டர்சனை மட்டும் படித்து இந்த அத்தியாயத்தைப் படியாதவர் பாதிப் புத்தகத்தையே படித்தவராவார்.

வெளியுலகிலும் இதே கதைதான் நடக்கிறது. 2015-இல் ஜிம்பாப்வே நாட்டில் சிசில் என்னும் சிங்கம் கொல்லப்பட்டது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் அதன் கழுத்தில் கருவிப் பட்டை கட்டியிருந்தனர். ஹ்வாங்கே தேசியப் பூங்காவுக்கு வெளியே இரை வைத்து அது வேட்டையாடப்பட்டது. வேட்டைக்கு வந்த அமெரிக்கர் ஏறக்குறைய ஐம்பதாயிரம் டாலர் கொடுத்தார் என்று செய்திகள் கூறின. தென்னாப்பிரிக்காவிலோ சிங்கங்களைப் பண்ணையில் வளர்த்து, வேலிக்குள் விட்டுச் சுட வைக்கும் தொழிலே உருவாயிற்று. நிச்சயத்தை விற்கும் வாணிபம் போய்ச் சேரும் இறுதி எல்லை அதுதான். அங்கே வழிகாட்டி தடம் பார்க்கவும் வேண்டியதில்லை. கதவைத் திறந்துவிட்டால் போதும்.

மறுபக்கத்து வாதத்தையும் நாம் கேட்க வேண்டும். நமீபியாவில் கிராம மக்களே விலங்குகளைக் காத்து, அளவோடு வேட்டைக்கு அனுமதித்து, வரும் பணத்தைத் தங்களுக்குள் பயன்படுத்துகின்றனர். 2014-இல் ஒரு கறுப்புக் காண்டாமிருகத்தைச் சுடும் அனுமதி அமெரிக்க நகரமான டல்லாஸில் மூன்றரை இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அத்தொகை காண்டாமிருகப் பாதுகாப்புக்கே என்றனர். விலங்கினால் தனக்குப் பயனுண்டு என்று கண்ட ஏழை அதைக் காப்பான் என்னும் வாதத்தை எள்ளி நகையாடுவதற்கில்லை. யானை மிதித்த வயலின் சொந்தக்காரனுக்குப் பட்டணத்தில் இருந்துகொண்டு அருளுரை வழங்குவது எளிது. ஆனால் அவ்வாதம் நிற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பணம், முன்னே நடப்பவன் கையைச் சேர வேண்டும். உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு இது புரியாததன்று. நம் நாட்டு வரலாற்றில் அந்த நிபந்தனை நிறைவேறியதாக நாம் காணவில்லை.

ஆகவே ஆண்டர்சனைப் பற்றிய நம் முடிவு இதுவே. அவர் நூல்களை நம் பிள்ளைகள் படிக்கட்டும். காட்டை நேசிக்கக் கற்பிக்கும் எழுத்து அது. ஆனால் படிக்கும்போது, எருமைக்கன்றின் விலை என்ன, பைராவுக்குக் கிடைத்தது என்ன என்றும் கேட்கட்டும். ஆசிரியர் எழுதாமல் விட்ட கணக்கை எழுதிப் பார்ப்பதும் இலக்கிய வாசிப்பேயாகும்.

இக்கேள்வி பழைய நூல்களோடு முடிந்துவிடவும் இல்லை. அக்காடுகளின் பெரும்பகுதி 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக விளங்குகிறது. இன்று நாம் குடும்பத்தோடு ஒகேனக்கல்லுக்குச் செல்கிறோம். வேறு சரணாலயங்களில் ஜீப்பேறி விலங்கு பார்க்கிறோம். நம் கையில் துப்பாக்கி இல்லை. ஆனால், பணம் கொடுத்தோமே, யானையைக் காட்டாமல் திருப்பி அனுப்புகிறாயே என்று வழிகாட்டியை நாம் கடிந்துகொள்ளும் அந்தக் கணத்தில், பழைய வாடிக்கையாளரின் இருக்கையில் நாமே அமர்ந்துவிடுகிறோம். நம் கோபத்துக்கு அஞ்சி அவன் ஜீப்பை இன்னும் நெருக்கமாக ஓட்டுவான்; தாய் யானை கன்றை மறைத்துக்கொண்டு மிரளும்.

அன்று ஒரு மானுக்காக நடுவே நின்ற அண்ணலாரின் உம்மத்தினர் நாம். காட்டுக்குப் போனால், ஒன்றையும் காணாமல் திரும்பவும் நம் மனம் இசைய வேண்டும். நம்மால் முடிந்த பிணை அதுவே.