ஒரு லீவர், இரண்டு புள்ளி

டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஜூலை 25. பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. முதல் பத்து ஷாட்டில் 98 எடுத்து இந்திய வீராங்கனை மனு பாக்கர் அருமையாகத் தொடங்கினார். 16 ஷாட் முடிந்த நிலையில் பிஸ்டலின் காக்கிங் லீவர் பழுதானது. சுடும் இடத்தை விட்டு வெளியேறி, சரிசெய்துகொண்டு திரும்பியபோது மீதி 44 ஷாட். கையில் இருந்தது சுமார் 36 நிமிடம்.

கணக்கைப் பாருங்கள். 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் என்றால் ஷாட்டுக்கு 75 விநாடி. மனுவுக்கு அது 49 விநாடியாகச் சுருங்கியது. மூச்சு சரியில்லை என்றால் பிஸ்டலை இறக்கிவிட்டு மறுபடி தூக்கும் வசதி போயிற்று. பத்துப் பத்து ஷாட்டாக எண்ணும் செட்டுகளில், மூன்றாவதிலும் நான்காவதிலும் 94, 95; ஐந்தாவதில் மறுபடி 98. மொத்தம் 575, 12வது இடம். இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்று நழுவியது.

ஏர் பிஸ்டலில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் லீவரைத் திறந்து, பெல்லட் வைத்து, மூட வேண்டும். சுடும்போது சிலிண்டரில் அடைத்த காற்று பெல்லட்டைத் தள்ளுகிறது. கை அதிர்வது மிகக் குறைவு. துல்லியத்துக்கு ஏற்ற அமைப்பு. ஆனால் அந்த லீவர் போனால் எல்லாம் போச்சு.

25 மீட்டர் பிஸ்டலில் கதை வேறு. அங்கே .22 தோட்டா வெடிக்கும் விசையே போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. தோட்டாவின் வேகம் துப்பாக்கிக்கு ஒத்துவராவிட்டால் ஜாம் ஆகலாம். நடுவர் சோதித்து, சுட்டவர் மீது தவறில்லை என்று கண்டால் விடுபட்ட ஷாட்டுக்கு வழியுண்டு. கையாலேயே போல்ட்டை இழுத்துத் தள்ளும் 50 மீட்டர் ரைஃபிளில் இந்தத் தொல்லை குறைவு.

மாற்று பிஸ்டலை எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். கைப்பிடியும் ட்ரிக்கரின் இழுப்பும் இம்மி மாறினாலும் குறி மாறும். அதைப் பழக்கிக்கொள்ளப் போட்டி நடுவே நேரம் ஏது?

2024 பாரிஸில் இதே மனு இரண்டு வெண்கலம் வென்றார். திறமையில் குறை இருந்ததே இல்லை. அதனால்தான் சொல்கிறேன்: தேய்கிற பாகங்களை உடையும் முன்பே மாற்றுவது, மாற்று பிஸ்டலிலும் வாராவாரம் முழுச் சுற்று சுடுவது, துப்பாக்கி மெக்கானிக்கை அணியோடு அனுப்புவது ஆகிய மூன்றும் பயிற்சியின் பகுதியாக வேண்டும். இரண்டு புள்ளியில் தலையெழுத்து மாறும் ஆட்டத்தில் கருவியின் நம்பகத்தன்மையும் வீரரின் ஸ்கோர்தான்.