கதவைத் தாண்டி ஓடுகிற பிள்ளைகள்

டெஸ்டின் டேனியல் கிரெட்டனின் 'ஷார்ட் டேர்ம் 12' (2013) பராமரிப்பு இல்லப் பிள்ளைகளைப் பற்றிய படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது. பிடித்ததனாலேயே அதோடு கொஞ்சம் சண்டை போடவும் வேண்டியிருக்கிறது.

கிரெட்டன் சான் டியேகோவில் இப்படியொரு இல்லத்தில் வேலை பார்த்தவர். அது படத்தில் தெரிகிறது. தொடக்கத்திலேயே சேமி என்கிற சிறுவன் கத்திக்கொண்டு வெளியே ஓடுகிறான். பணியாளர்கள் துரத்திப் பிடித்துத் தரையில் அணைத்துப் படுக்க வைக்கிறார்கள். பேச்சு அப்படியே தொடர்கிறது; யாரும் திட்டவில்லை. வளாகத்தைத் தாண்டிவிட்டால் பிள்ளையைத் தொடக்கூடாது, கூடவே நடக்கலாம், அவ்வளவுதான்.

'இதுக்கு ஒரு அறை விட்டா சரியாப் போயிடும்' என்கிற குரல் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. அதன் நாகரிகமான வடிவம் புள்ளி முறை: ஒழுங்காக இருந்தால் புள்ளி, அடித்தால் புள்ளி போச்சு, வெளியே போகும் சலுகையும் போச்சு. ஆனால் வருடக்கணக்கில் அடிவாங்கிய உடல் எப்போதும் அடுத்த அடிக்குத் தயாராகவே இருக்கிறது. ஒரு கதவுச் சத்தம் போதும். அங்கே தண்டனை அவனுக்குப் புதிதாக எதையும் கற்றுத்தருவதில்லை; பெரியவர்களைப் பற்றி அவன் ஏற்கனவே நம்புவதை உறுதி செய்கிறது. கோஹன், மேனரினோ, டெப்ளிங்கர் மூவரும் உருவாக்கிய மனக்காயம் சார்ந்த நடத்தைச் சிகிச்சையில் ஒரு வரிசை உண்டு. முதலில் பாதுகாப்பு, பிறகு தன்னை அமைதிப்படுத்தும் பயிற்சி, அதற்குப் பிறகுதான் நடந்ததைச் சொல்வது. வளர்க்கிறவரும் கூடவே கற்க வேண்டும்.

படத்தின் சிறந்த காட்சிகள் இந்த வரிசையை மதிக்கின்றன. ஜேடன் தன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. சுறாவோடு நட்பாக இருக்கத் தன் கைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்த ஆக்டோபஸின் கதையை வாசிக்கிறாள். 18 வயது நெருங்கி, இல்லத்தை விட்டுப் போக வேண்டிய மார்கஸ் தலையை மழித்துக்கொண்டு, அம்மா அடித்த வீக்கம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறான். இல்லை என்கிறார்கள். உடைந்து அழுகிறான். ஒரு மருத்துவ அறிக்கை இதைச் சொல்லிவிட முடியுமா?

சறுக்கல் கிரேஸிடம் வருகிறது. புதிதாக வந்த நேட்டிடம், நீ இவர்களுக்குப் பெற்றோரும் இல்லை, சிகிச்சையாளரும் இல்லை என்று சொல்பவளே அவள்தான். கடைசியில் மட்டையோடு ஜேடனின் வீட்டுக்குள் நுழைகிறாள்; இருவரும் சேர்ந்து அப்பாவின் காரை நொறுக்குகிறார்கள். கைதட்டத் தோன்றும் காட்சிதான். ஆனால் காயம்பட்டவளுக்கே காயம் புரியும் என்று அது சொல்லாமல் சொல்கிறது. அப்படியானால் நேட் எதற்கு வந்தான்? தன் காயத்துக்கு மருந்து தேடாத ஒருத்தி, குறைந்த சம்பளத்தில், அடுத்தவர் காயத்தைச் சுமப்பதைப் படம் தகுதியாகப் பார்க்கிறது. எனக்கு அது ஆபத்தாகப் படுகிறது. சேமியின் பொம்மைகளைப் பிடுங்கச் சொன்ன சிகிச்சையாளரோ திரைக்கு வெளியிலேயே வில்லனாகிவிடுகிறார். வசதியான வில்லன்.

கலிஃபோர்னியா 2015இல் சட்டம் இயற்றி, 2017இலிருந்து இத்தகைய இல்லங்களைக் குறுகியகாலச் சிகிச்சை இல்லங்களாக மாற்றத் தொடங்கியது. 2018இன் கூட்டாட்சிச் சட்டமும் மனக்காயத்தைப் புரிந்துகொண்ட சிகிச்சை முறையைக் கோருகிறது. நல்லதுதான். ஆனாலும் சட்டப் புத்தகம் இரவு ஷிப்டில் வேலை பார்க்காது. அங்கே இருப்பவர் அடுத்த மாதமும் இருப்பாரா என்பதுதான் பிள்ளையின் கேள்வி.

அதற்கான பதில் இதே படத்தில், சில நிமிடங்களே வரும் ஒரு விருந்தில் இருக்கிறது. மேசனை வளர்த்த பெற்றோரின் திருமண நாள். அவர்கள் வளர்த்த பிள்ளைகள் பெரியவர்களாகி வந்திருக்கிறார்கள். யாரும் எதையும் உடைக்கவில்லை. சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள், மேசன் நன்றி சொல்கிறான். கிரெட்டன் அந்த வீட்டில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். பார்க்காதவர்கள் பாருங்கள், அந்த விருந்துக்காகவாவது.