கட்டியக்காரனும் நடிப்புப் பட்டறையும்

உடலால் சிரிக்க வைக்கும் கலையைக் கற்க விரும்பும் உளுந்தூர்பேட்டை இளைஞருக்கு இரண்டு வழிகள் உண்டு. சென்னைக்கோ புதுச்சேரிக்கோ பேருந்து ஏறி நடிப்புப் பட்டறையில் சேரலாம். அல்லது சுற்றுவட்டாரத் தெருக்கூத்துக் குழுவான ஜமா ஒன்றில் சேர்ந்து, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வேடத்துக்குப் பழகலாம். முதலாவதைப் படிப்பு என்று மதிக்கிறோம். இரண்டாவதைப் பிழைப்பு என்று ஒதுக்குகிறோம். இந்தப் பாகுபாடு நியாயமற்றது.

பட்டறையின் பலம் அதன் ஒழுங்கு. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையும், வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தியும் நடிகரின் உடலுக்கும் மூச்சுக்கும் முதலிடம் தந்து பெயர் பெற்றவை. நல்ல பட்டறையில் ஓர் அசைவைப் பிரித்துப் பார்க்கவும், தவறினால் திரும்பச் செய்யவும் அவகாசம் கிடைக்கும். அடிபடாமல் விழக் கற்றுக்கொள்ளலாம். ஆண்கள் நிரம்பிய ஜமாவில் இடம் கிடைக்காத பெண்களும் அங்கே சேரலாம்.

ஆனால் பட்டறையில் கூட்டம் இருப்பதில்லை. சக மாணவர்கள் நட்புக்காகச் சிரித்துவிடுவார்கள். இரண்டு நாள் வகுப்பில் சிவப்பு மூக்கை மாட்டிக்கொண்டவர் கோமாளியாகிவிட முடியாது. கல்லூரி விழாக்களின் மைம் போட்டிகளைப் பாருங்கள். கறுப்பு உடை, வெள்ளை முகப்பூச்சு, பின்னணியில் சோகப் பாட்டு, முடிவில் குடி குடியைக் கெடுக்கும் என்றொரு அறிவுரை. பாட்டை நிறுத்திவிட்டால் பல குழுக்களின் உடல் ஒன்றுமே சொல்லாது.

கட்டியக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. நள்ளிரவு தாண்டி, முன்வரிசைப் பிள்ளைகள் சுருண்டு படுத்துவிட்ட நேரம். ராஜா வேடம் திரையை விலக்கி, கிரீடமும் புஜக்கட்டையும் மின்ன, தாளத்துக்கு அடியெடுத்து வருகிறார். பின்னால் கட்டியக்காரன் அதே நடையை அரைத்தாளம் பிந்திப் போடுகிறான். ராஜா திரும்பினால் கைகட்டி நிற்கிறான். முகம் திருப்பியதும் மறுபடி அதே நடை. தூங்கியவர் எழுந்து உட்கார்கிறார். எந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும் என்பதை அந்தக் கூட்டம்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது. பெட்டி சுமந்து, பின்பாட்டுப் பாடி, வாத்தியாரை ஓரத்திலிருந்து பார்த்துப் பார்த்து வந்த படிப்பு அது.

அந்தப் படிப்பிலும் கோளாறு உண்டு. வாத்தியார் செய்ததைச் சீடன் கேள்வி கேட்காமல் செய்கிறான். சிரிப்பு வராத இடத்தில் இரட்டை அர்த்தப் பேச்சு நுழைகிறது. கால் ஊனமுற்றவர், திக்கிப் பேசுபவர், திருநங்கை எனப் பலவீனமான இடம் பார்த்து நையாண்டி பாய்கிறது. உளுந்தூர்பேட்டை வட்டத்தில்தான் கூவாகம் இருக்கிறது. சித்திரைதோறும் நாடெங்குமிருந்து திருநங்கைகள் வந்து கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ளும் மண்ணில், அவர்கள் நடையைக் கேலி செய்து கைதட்டல் வாங்குவது கலைக்கு அழகல்ல. ராஜாவைக் கேலி செய்யத் துணிவு வேண்டும். எளியவரைக் கேலி செய்ய எதுவும் வேண்டாம். இந்த வேறுபாட்டை அமர்ந்து பேசும் வழக்கம் ஜமாவுக்குள் வர வேண்டும்.

இரண்டு பள்ளிகளும் சேர முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ழாக் லெகாக் 1956இல் பாரிஸில் தொடங்கிய பள்ளி, கோமாளிக் கலையைப் பாடமாக்கியதில் முன்னோடி. அங்கே பயின்ற நாடக இயக்குநர் அரியான் மினுஷ்கின், தம் தியேத்ர் து சொலேய் குழுவின் 2016ஆம் ஆண்டு நாடகத்துக்காக அதன் நடிகர்களைக் கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் தெருக்கூத்துப் பயிற்சி பெறச் செய்தார். உலகப் புகழ்பெற்ற குழுவின் நடிகர்கள் நம் வாத்தியார் முன் மாணவர்களாக நின்றார்கள்.

இதை நம் ஊரிலேயே செய்யலாம். உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சிக் கல்லூரிகள் மைம் போட்டிக்கு நடுவரைத் தேடும்போது, பக்கத்து ஊர்க் கட்டியக்காரரை ஒரு பருவம் முழுவதும் ஆசிரியராக அழைக்கட்டும்; உரிய சம்பளமும் கொடுக்கட்டும். மாணவ மாணவியர் அவரிடம் கூட்டத்தைக் கையாளக் கற்கட்டும். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற கேள்வியை அவர் முன் வைக்கட்டும். கற்க வேண்டியது இரு தரப்புக்கும் உண்டு.