கிழிந்த பாடநூலும் முதிய கைகளும்

ஜெருசலேமில் 'யாத் லகஷிஷ்' என்ற முதியோர் பட்டறை இருக்கிறது. அங்கே நடக்கும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது புத்தக பைண்டிங். எல்லாம் தொடங்கியதும் அதில்தான்.

தெருவில் கையேந்தி நின்ற முதியவர்களைப் பார்த்துப் பொறுக்காத மிரியம் மெண்டிலோ என்ற ஆசிரியை, 1962-இல் இதைத் தொடங்கினார். யாரும் நியமிக்காத பொறுப்பு. தானே இழுத்துப் போட்டுக்கொண்டது. அவர் முதியவர்களிடம் கொடுத்தது பள்ளிப் பிள்ளைகளின் கிழிந்த பாடநூல்களை. பிரிந்த தாள்களை அடுக்கி, ஊசிநூலால் தைத்து, முதுகில் பசை தடவி, துணி ஒட்டி, அழுத்தி உலரவைக்க வேண்டும். வலுவைவிடப் பொறுமை கேட்கும் தொழில். அந்தப் பொறுமை முதிய கைகளில் தாராளமாக இருந்தது. தாத்தா பாட்டிகள் தைத்த புத்தகத்தைப் பிள்ளைகள் பிரித்துப் படித்தார்கள். இதைவிட நல்ல மரியாதையை எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

பிறகு பீங்கான், உலோகம், எம்பிராய்டரி, பட்டில் வண்ணம் தீட்டிய தொழுகைச் சால்வை என்று வேலைகள் பெருகின. முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் குடியேறிய முதியவர்கள், பொது மொழி இல்லாமலும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். மாதந்தோறும் உதவித்தொகை, சூடான மதிய உணவு, பஸ் பாஸ் உண்டு.

தொண்டு நிறுவனத்தை நடத்துவோர் முதலில் கேட்க வேண்டியது, 'இவர்களுக்கு என்ன கொடுக்கலாம்' என்பதல்ல. 'இவர்களால் என்ன செய்ய முடியும்' என்பதே. மெண்டிலோ அதைத்தான் கேட்டார்.

ஜெருசலேம் போகிறவர்கள் பழைய நகரத்துக்குப் பக்கத்திலிருக்கும் இந்தப் பட்டறைகளையும் அவசியம் பாருங்கள். அங்கே கடையும் உண்டு; ஒரு பொருளாவது வாங்குங்கள்.