பெட்டிக்குள் இருந்து ஒலித்த கிற்றார்

சித்திரப்படம் என்றதும் சிறுவரின் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுவோர் ஒருபுறம். யப்பானிலிருந்து வருவது எதுவாயினும் வியந்து நிற்போர் மறுபுறம். ஒரு படைப்பின் சிரிப்பு யாரைச் சுடுகின்றது என்ற கேள்வி இவ்விரு சாராருக்கும் இடையிற் கேட்பாரற்றுக் கிடக்கின்றது. 2022ஆம் ஆண்டின் இறுதி மூன்று மாதங்களிற் பன்னிரண்டு பகுதிகளாக யப்பானியத் தொலைக்காட்சியில் வெளியான ‘போச்சி த றொக்!’ என்னும் நகைச்சுவைத் தொடரை அக்கேள்வியோடு அணுகுவது பயனுடையது. அக்கி ஹமாஜியின் சித்திரக்கதையைத் தழுவிய இத்தொடரை நெறிப்படுத்தியவர் கெயிச்சிரோ சைற்றோ.

கதைநாயகி ஹித்தோரி கொத்தோ ஓர் உயர்பள்ளி மாணவி. ‘ஹித்தோரி’ என்றால் ‘தனியொருத்தி’ என்றே பொருள்படும். எவருடனும் பேச அஞ்சும் இச்சிறுமி, இருண்ட மனத்தினரும் இசைக்குழுவில் ஒளிரலாம் என்று தொலைக்காட்சியில் எவரோ சொல்லக் கேட்டுத் தந்தையின் கிற்றாரைக் கையில் எடுக்கிறாள். நாளொன்றுக்கு ஆறு மணிநேரம், மூன்று ஆண்டுகள், சுவரலமாரியின் இருட்டுக்குள் பயில்கிறாள். வேறொரு பெயரில் அவள் இணையத்தில் இடும் வாசிப்பை முகமறியாதோர் ஆயிரக்கணக்கிற் புகழ்கின்றனர். வகுப்பிலோ அவளிடம் பேச ஒருவருமில்லை. தன்னை அறிந்தவர் இல்லாத பள்ளி வேண்டுமென்று, யொக்கோஹாமாவின் தெற்கு ஓரத்திலிருந்து தோக்கியோவுக்கு நாள்தோறும் இரண்டு மணிநேரம் பிரயாணம் செய்கிறாள்.

இதனை ஒரு தனிப்பெண்ணின் விசித்திரக் குணமென்று கொள்வது தவறு. சமூகத்தொடர்பை அறுத்து வாழ்வோர், 15 முதல் 64 வரையான வயதினரில், சுமார் 14 இலட்சத்து 60 ஆயிரம் பேர் என யப்பானிய அமைச்சரவை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. ஹித்தோரி அவர்களுள் ஒருத்தியல்லள், பள்ளிக்குப் போகிறாள். ஆயினும் அவர்களைச் சூழ்ந்த காற்றையே அவளும் சுவாசிக்கிறாள்.

முதற் பகுதியிலேயே தொடரின் மிகச் சிறந்த சிந்தனை வெளிப்பட்டுவிடுகிறது. ஷிமோக்கித்தசாவாவில் நிலத்தடியிலுள்ள சிறிய இசையரங்கு ஒன்றில், ஓடிப்போன ஒருத்திக்குப் பதிலாக அவள் வாசிக்க நேர்கிறது. சபையைக் காண அஞ்சி மாம்பழ அட்டைப்பெட்டி ஒன்றினுள் அமர்ந்தே வாசிக்கிறாள். அங்கேதான் அந்த அதிர்ச்சி: அலமாரிக்குள் மேதையாக விளங்கியவள் குழுவோடு சேர்ந்ததும் சாதாரண வாசிப்பாளரிலும் தாழ்ந்துவிடுகிறாள். ஏனெனில் பிறர் கண்ணைப் பார்த்துத் தாளத்தை உணரும் பழக்கம் அவளுக்கு இல்லை. திறமை என்பது தனியொருவரின் சொத்து, கலை தனிமையில் விளையும் தவம் என்றெல்லாம் நாம் கேட்டுப் பழகிய கதைகளுக்கு இதைவிட எளிமையான மறுப்பை அண்மையில் நான் கண்டதில்லை. குழுவின் பெயர் ‘கெஸ்ஸொக்கு பாண்ட்’. ‘கெஸ்ஸொக்கு’ என்பது ஒன்றிணைதலைக் குறிக்கும்; இரண்டையும் சேர்த்துச் சொன்னாலோ மின்கம்பிகளைக் கட்டும் பிளாஸ்ரிக் பட்டி. தொடர் இச்சிலேடையை வேடிக்கையாகவே வைத்திருக்கிறது. கட்டுண்டவர்கள் என்ற உண்மையும் அதில் இருக்கிறது.

கட்டுவது நட்பு மட்டுமன்று. இத்தகைய யப்பானிய அரங்குகளில் மேடையேறும் புதுக்குழுக்கள் குறிப்பிட்ட தொகை ரிக்கெற்றுகளை விற்றாக வேண்டும். விற்காதவற்றின் விலை அவர்களது பையிலிருந்து போகும். கலைஞனே கூலி கொடுத்து உழைக்கும் இவ்வேற்பாட்டைத் தொடர் மறைக்கவில்லை. ஆளுக்கு ஐந்து ரிக்கெற். கேட்க ஆளில்லாத ஹித்தோரி, குடிபோதையிற் கிடந்த ஒரு பெண் இசைக்கலைஞரோடு தெருவில் நின்று கண்ணை மூடி வாசிக்கிறாள். எதிரே நிற்பவர் பகைவரல்லர் என்று அப்பெண் உணர்த்தியபின் ஒரு கண்ணை மட்டும் திறக்கிறாள். இரண்டு பேர் ரிக்கெற் வாங்குகிறார்கள். மிகையின்றி எழுதப்பட்ட காட்சி இது.

ஆனால் இந்த நேர்மை நெடுநேரம் தாக்குப்பிடிக்கவில்லை. அரங்கின் உரிமையாளர் மேளம் வாசிப்பவளின் அக்காவாக அமைந்துவிட, சுரண்டல் குடும்பப் பாசமாகக் கரைகிறது. பணத்தையெல்லாம் வாத்தியங்களிற் செலவிட்டுப் பசிக்குப் புல் தின்னும் ரியோ, வசதியான வீட்டுப் பிள்ளை. ஆகவே பசியும் ஒரு கேலிப்பொருள். இறுதிப் பகுதியில் இணைய விளம்பர வருவாயாக மூன்று இலட்சம் யென் வந்து விழுகிறது. பழைய நாடகங்களில் தெய்வம் இறங்கிவந்து சிக்கலை அவிழ்த்ததை இங்கே விளம்பரம் செய்கிறது. ஆசிரியர் இந்த இடத்தில் தமது கதையையே நம்பவில்லை போலும்.

எனினும் சிரிப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அச்சம் மேலிடும்போது ஹித்தோரியின் முகம் உருகி வழிகிறது. உடல் துகளாய் உதிர்கிறது. வரைபடம் திடீரென நின்று உண்மைப் பொருட்களின் ஒளிப்படம் குறுக்கிடுகிறது. வெளியே நின்று அவளைப் பார்த்து நகைக்கும் சிரிப்பன்று இது. அவளது மனத்தினுள்ளிருந்தே உலகைப் பார்க்கிறோம். ஒரு சாதாரண ‘வணக்கம்’ எவ்வளவு பெரிய மலை என்பது அப்போது புலனாகிறது. வகுப்பின் கடைசி வாங்கில் வாய்திறவாது இருக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்றும் அகங்காரி என்றும் முத்திரை குத்தும் ஆசிரியர்கள் (நானும் குத்தியிருக்கிறேன்) இக்காட்சிகளைப் பார்க்கலாம்.

அவளைக் குணப்படுத்தி அனுப்பிவிடாததும் நன்று. பள்ளி விழாவில், கம்பி அறுந்த கிற்றாரில் மதுக்குவளை ஒன்றை அழுத்தி வாசித்துச் சபையை வெல்கிறாள். அந்த மகிழ்ச்சியில் மேடையிலிருந்து கூட்டத்தின்மீது பாய்கிறாள். ஏந்த எவரும் முன்வராமையால் தரையில் விழுகிறாள். பின்பு விளம்பரப் பணத்தில் வாங்கிய புதுக் கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்றும் வேலைக்குப் போகவேண்டுமே என்று அலுத்தபடி புறப்படுகிறாள்.