கரைக்காகச் செய்த வள்ளம்

கல்முனைக்குடிக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். மேற்கே கிட்டங்கிப் பக்கம் மட்டக்களப்பு வாவியின் தென்பகுதி, கிழக்கே வங்காள விரிகுடா. வாவியில் ஒடுங்கிய தோணியொன்றில் ஒருவர் நின்றபடியே கம்பூன்றி வலை வைப்பதைப் பார்த்தால், தண்ணீருக்கு மேல் நடந்து போகிறாரோ என்று தோன்றும். அலையில்லாத, ஆழம் குறைந்த நீருக்கு அதைவிடப் பொருத்தமான கலம் கிடையாது. அந்த ஒடுக்கம் கடலில் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு கலம் பக்கவாட்டில் கவிழாமல் நிற்கும் பலம் அதன் அகலத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். நீளத்தை மாற்றாமல் அகலத்தைப் பாதியாக்கினால், நீர்ப்பரப்பிலிருந்து கிடைக்கும் தாங்குதிறன் எட்டில் ஒன்றாகிவிடும். இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் ஒடுங்கிய படகுகள் ஏழடி அகலமும் எழுபதடி வரை நீளமும் கொண்டவை. டெரி டார்லிங்டன் என்பவர் அப்படியொரு படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சுக்குப் போய், அதைப் புத்தகமாகவும் எழுதினார். ஐரோப்பிய வகைப்பாட்டின்படி உள்நீர்ப் படகுகளுக்குரிய அலை எல்லை 0.3 மீட்டர், அதாவது ஓரடி. கடல் அந்த ஓரடிக்குள் அடங்கும் நாளுக்காக உல்லாசப் பயணி காத்திருக்கலாம். அடுப்பெரிய வேண்டிய வீட்டுக்காரரால் முடியாது.

நம் கரையின் பைபர் வள்ளம் அவ்வளவு ஒடுக்கமில்லை. 18 முதல் 23 அடி நீளம் இருக்கும், அகலம் ஆறடியை எட்டினால் பெரிது. அதைக் குறை என்று உடனே எழுதிவிடுகிறவர்கள் கடற்கரைப் பள்ளிவாசல் பக்கம் ஒருநாள் விடியற்காலையில் வந்து நிற்க வேண்டும். இங்கே துறைமுகமில்லை, குடாவில்லை. திறந்த மணற்கரையில் அலை நேராக வந்து உடைகிறது. அந்த அலையைக் கிழித்துப் போக முனை கூர்மையாக இருக்க வேண்டும். திரும்பி வந்ததும் ஆட்கள் தோள்கொடுத்து மணலில் ஏற்றப் பாரமில்லாமல் இருக்க வேண்டும். அகலமும் எடையும் கூடினால் வாடைக் காலத்தில் கரையேற்றவே முடியாது. வள்ளத்தின் உருவத்தை வரைந்தது இந்தக் கரைதான்.

தெற்கே ஒலுவிலில் 2013இல் திறக்கப்பட்ட துறைமுகம் இதை மாற்றியிருக்கலாம். ஆனால் அதன் வாயில் மணல் தூர்ந்து கலங்கள் நுழைய முடியாமல் போனது, பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. அகன்ற கலத்துக்கு மாறுங்கள் என்று மீனவருக்குப் புத்தி சொல்கிறவர்கள், அதைக் கட்டிவைக்க இடம் எங்கே என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே என் குறை வள்ளத்தின் மீதல்ல, அது போகும் தூரத்தின் மீது. கரையோரத்தில் மீன் குறையக் குறைய, ஒருநாள் தொழிலுக்குச் செய்த வள்ளம் சூரையைத் தேடி ஆழ்கடலுக்குப் போகிறது. எண்ணெய்க் கேன், ஐஸ், வலை என்று ஏற ஏற விளிம்பு தண்ணீருக்குக் கிட்டவாகிறது. உள்ளே புகுந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஓடினால், ஏற்கெனவே குறைவான தாங்குதிறனை அதுவும் தின்றுவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு உதவியென்று நாட்டில் வந்து குவிந்த வள்ளங்களில் தரமற்றவையும் இருந்ததை ஐக்கிய நாடுகள் உணவு, விவசாய அமைப்பே சுட்டிக்காட்டியது.

ஆனாலும் மிகப் பெரிய ஆபத்து, கடல் நல்லதாகத் தெரியும் காலத்தில்தான் இருக்கிறது. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. கரையோரம் தட்டையாகக் கிடக்கும், பிள்ளைகள்கூடப் பயமில்லாமல் குளிப்பார்கள். வெளியே ஒற்றை இயந்திரம் நின்றுபோனால் அதே காற்று வள்ளத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போகும். கல்முனைக்குடிக்கு நேர் கிழக்கே அடுத்த நிலம் நிக்கோபார், 1,200 கிலோமீட்டருக்கும் அப்பால். துடுப்பையும் பாயையும் நம்பிய பழைய தோணிக்காரர் தூரம் போகவில்லை, போன தூரத்துக்குத் திரும்பும் வழி அவர் கையிலேயே இருந்தது. இன்றைய வள்ளத்தில் அந்த வழி ஓர் இயந்திரத்துக்குள் அடங்கிவிட்டது. பாயைத் திரும்பக் கட்டினால் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். அடிக்கட்டையில்லாத இலேசான வள்ளம் எதிர்க்காற்றில் ஏறாது.

2022 ஆகஸ்டில் அந்த இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபோது நிலைமை இன்னும் மோசமானது. உபரியாக ஒரு கேன் கொண்டுபோவது பாதுகாப்பு என்ற நிலை மாறி ஆடம்பரமானது.

அரசின் அக்கறையும் கலத்தின் அளவைப் பார்த்தே வருகிறது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்தபிறகு, பலநாள் கலங்களில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பொருத்தும் வேலை வேகமெடுத்தது. 2016இல் தடையும் நீங்கியது. கருவி வந்தது மீன் எங்கே பிடிபட்டது என்று காட்ட, மீனவர் எங்கே தவிக்கிறார் என்று காட்டவல்ல. ஏற்றுமதிக் கணக்கில் வராத சின்ன வள்ளத்துக்கு அது எட்டவேயில்லை.

உடனே செய்யக்கூடியவை சில்லறை வேலைகள்தான். கையில் பிடிக்கும் ஒரு வானொலிக் கருவி, ஒரு சோடித் துடுப்பு, முனையில் கட்டி நீரில் விட்டால் வள்ளத்தை அலைக்கு முகம்கொடுத்து நிற்கவைத்து ஒதுங்கும் வேகத்தையும் குறைக்கும் ஒரு துணிப்பை. இவற்றையெல்லாம்விட மலிவானது இரண்டு வள்ளமாகச் சேர்ந்து போவது. அதில்தான் தயக்கம் அதிகம், மீன் கிடக்கும் இடம் மற்றவருக்குத் தெரிந்துவிடும். தயக்கத்தில் நியாயமில்லாமலுமில்லை. வலை வைத்த இடத்தைச் சொந்த மச்சானுக்கே சொல்லாத தொழில் இது.